சிவப்பு வயரை மாற்றியது யார்

"இல்லைன்னு சொல்றேன், நீ திரும்பத் திரும்ப அதையே சொல்றே! என் சின்ன மருமக எதையும் எரிச்சுட்டு ஓடல. எந்தக் கிதார்க்காரனோடயும் போகல. அவ பையைத் தூக்கிட்டுப் போனதை நீ மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தே, சரி. மிச்சத்தை உன் வாய்தானே கட்டுச்சு? கல்லாவுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான்!"

எதிர் வீட்டுக்காரியிடம் இப்படித்தான் கத்தினேன். அவள் வாயை மூடவில்லை. அதனால்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம்.

வீட்டுக்குக் கீழேயே எங்கள் வாத்தியக் கடை. என் மூத்த மகன் பெரியவன் விற்பான், அவன் தம்பி பெண்டாட்டி, அதான் இந்தச் சின்ன மருமகள், பழுது பார்ப்பாள். தம்பிக்குக் கப்பலில் வேலை. கிதார்க்காரர்கள் காலால் அமுக்கினால் சத்தத்தைக் கரகரவென்று மாற்றுகிற இரும்புப் பெட்டி இருக்கிறதே, பெடல் என்பார்கள், அதிலும் பழசு என்றால் அவளுக்கு உயிர். இந்தக் காலத்துப் பேட்டரி அதுகளுக்கு லேசில் ஒத்துவராது. ஒன்றில் இடம் பற்றாது, ஒன்றில் பிடிப்பு நிற்காது. செத்த பேட்டரியின் தலையைக் குறடால் பிய்த்து, வயரைப் பற்றவைத்து, புதுசுக்கு ஒரு தொப்பி செய்துவிடுவாள். அதற்காக ஒரு டப்பா நிறைய செத்த பேட்டரி வைத்திருந்தாள். அவளுக்குக் குப்பைக்காரி என்று பெயர் வைத்ததும் இந்தத் தெருதான்!

விலை கூடின பேட்டரி போட்டால் அந்தக் கிழட்டுப் பெட்டிகள் சீறும். மட்டமானதைப் போட்டால் குழையும். "உங்களை மாதிரிதான் அத்தை. பத்தியம் போட்டா சிரிக்கும், விருந்து வச்சா வயித்தப் புடிச்சுக்கும்" என்பாள்.

அன்று மேசையில் இருந்தது கிதார் வாசிக்கிற ஒரு தாடிக்காரருடைய பெட்டி. அவர் ஒருவர் சொல்லித்தான் மற்ற கிதார்க்காரர்கள் இவளைத் தேடி வருவார்கள். அவர் முகம் சுளித்தால் இவள் கைக்கு இருக்கிற பெயர் போச்சு. இப்போது வருகிற பெட்டிகளில் கறுப்பு வயர் இரும்பைத் தொடும். அவருடையது தலைகீழ், அதில் சிவப்புதான் தொடும். "அத்தான், இதை மட்டும் யாரும் திறக்காதீங்க" என்று பெரியவனிடம் சொல்லிவிட்டு, வயர் வாங்கப் போனாள்.

இவன் அதை எடுத்து மிதித்துப் பார்த்தான். கிதார் வயரை உருவாமல் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். வயர் சொருகியே இருந்தால் பேட்டரி கரையும் என்று அவள் தலை தலையாக அடித்துக்கொண்டு சொன்ன விஷயம். அதில் கிடந்ததோ ஏற்கெனவே பாதி செத்த பேட்டரி; திரும்பி வந்தால் பெட்டி ஊமை. உடனே திறந்தான்.

"பாரும்மா, உன் மருமக சிவப்பைக் கொண்டுபோய் இரும்புல ஒட்டியிருக்கா!"

"அது அப்படித்தான்டா, தொடாதே!"

கேட்டானா? இரண்டு வயரையும் மாற்றி ஒட்டினான். கடையிலேயே விலை கூடின பேட்டரியைப் போட்டான். ஒரு தரம் கரக் என்றது. அவ்வளவுதான். உள்ளே வெந்துபோன துண்டை இப்போது யாரும் செய்வதுகூட இல்லை.

தாடிக்காரரும் அவளும் முன்னே பின்னே வந்து சேர்ந்தார்கள். "சார், அவதான் வயரை மாத்தி ஒட்டிட்டா" என்றான், கூசாமல்.

"செஞ்சது நீதானடா!" என்றேன்.

"எழுத்துத் தெரியாத உனக்கு இதுல என்னம்மா தெரியும்?"

"எழுத்துத் தெரியாதுடா. சிவப்புமா தெரியாது?"

தாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், குழந்தையைப் பார்க்கிற மாதிரி. மாமியார் மருமகளைக் காப்பாற்றுகிறாளாம்! அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டு கிடந்தது ஈயம்.

"அத்தான், இது நான் பத்தவச்சதா? நீங்களே சொல்லுங்க."

அவன் கல்லாவைத் துடைத்தான். சுத்தமாக இருந்த கல்லாவை. "சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு. விஷயம் முடிஞ்சிடும்."

அவள் கேட்கவில்லை. ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலை அணைத்து, ஆறும்வரை நின்றாள். பிறகு அலமாரியில் வரிசையாக இருந்த பெடல்களில் சொருகிக் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாக உருவினாள். பேட்டரிகள்மேல் அவளுக்கு என்ன கோபம்? ஒரு கையில் பை, ஒரு கையில் அந்தக் குப்பை டப்பா, கிளம்பிவிட்டாள்.

இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவைத் திறந்துவிட்டது நான்தான். போடி எதிர் வீட்டுக்காரி, அதையும் தெருவெல்லாம் சொல்லு.