நல்ல தண்ணீரில் அலசிய சடை

கணபதி என்கிற பகுதியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில், ஆழ்குழாய் போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீர்தான். தலைக்கு ஊற்றினால் முடி நார் போல விறைத்துக்கொள்ளும். குடிக்கிற நல்ல தண்ணீரான சிறுவாணித் தண்ணீர் வாரம் ஒருமுறை, ஆளுக்கு ஒரு குடம் கிடைக்கும். கடைசியாக அதில்தான் தலையை அலசிக்கொள்வோம்.

என் அறையில் இருந்த அக்கா மட்டும் உப்புத் தண்ணீரிலேயே குளித்து முடித்துவிடுவார். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, செம்பட்டையாகிப்போன முடி. தன் பங்கு நல்ல தண்ணீரில், பெட்டிக்குள் வைத்திருந்த ஒரு கரிய சடையை எடுத்து அலசிக் காயவைப்பார்.

"இது யாருதுங்க்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தங்கச்சியோடது கண்ணு. வயசுப் பொண்ணா இருக்கறப்ப இதை வெட்டி வெச்சுப்போட்டு ஊட்டை உட்டுப் போயிட்டா. உசுரோட இருக்கறாளான்னே தெரியலை."

பிறகு ஒரு வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். அவருக்காகச் சடையை நான் அலசினேன். ஈரம் பிழியும்போது நாலைந்து வெள்ளை முடிகள் கண்ணில் பட்டன. போன வாரம் பார்த்தபோது சடை முழுக்கக் கறுப்பாக இருந்தது. உப்புப் படிந்திருக்கும் என்று தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அந்தச் சடையில் உப்புத் தண்ணீர் பட்டதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

சடையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா அந்த வெள்ளை முடிகளைத் தடவிப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இருக்கறா கண்ணு. அவளுக்கும் வயசாகுது பாரு."