தலைவர் சொன்ன லிஃப்ட்காரம்மா

என் சித்தி ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேரை மேலே அனுப்புகிறவர். அனுப்பியவர்களைத் திரும்பக் கீழே கொண்டுவந்தும் விடுவார். எமனுக்கே இதில் பாதி வேலைதான் தெரியும். பெரிய பெரிய தளபதிகள் வாளைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டுச் செய்ததைச் சித்தி ஆள்காட்டி விரலால் சத்தமில்லாமல் செய்வார்.

அரசு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் வேலை. எட்டு மாடி, பதினோரு வருடமாக ஒப்பந்தக் கூலி. ஒரு முக்காலி, ஒரு குட்டி மின்விசிறி, அதன் பின்னால் ஒளித்துவைத்த தண்ணீர் பாட்டில். எந்த மாடி என்று சித்தி யாரையும் கேட்க மாட்டார். கையில் எக்ஸ்ரே உறை இருந்தால் இரண்டு. புதுத் துண்டும் ஃபிளாஸ்க்கும் இருந்தால் பிரசவ வார்டு, நான்கு. கையில் ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஐந்து, தீவிர சிகிச்சை. அவர்களிடம் மட்டும் "கூட்டமா இருக்கு, இப்படி விசிறிக்கு நேரா வாங்க" என்பார். கூட்டமே இருக்காது.

போன வருடம் புதுப் பிரிவைத் திறக்க ஆளுங்கட்சித் தலைவர் வந்தார். லிஃப்ட் தாங்குவது பத்துப் பேர். அவர் பின்னால் வந்தது இருபது. தலைவர் கதவில் கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சித்தி அந்தக் கையைப் பிடித்து நகர்த்தி, "கையை எடுங்க சார், கதவு மூடாது" என்றார். இருவரும் பேசிக்கொண்டது மொத்தமே அவ்வளவுதான்.

சாயங்காலம் டிவியில் தலைவர் பேசினார். "மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் ஓர் எளிய தாய் என் கையைப் பற்றிக்கொண்டார். 'ஐயா, எங்களை மனிதராக மதித்தவர் நீங்கள் ஒருவர்தான்' என்றார். அந்தத் தாய் யார்? நீங்கள்தான்."

சித்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நம்ம ஆஸ்பத்திரியில இன்னொரு லிஃப்ட் இருக்கா என்ன?" என்றார்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் அந்தத் தாய் அழுதார். அதற்கடுத்த ஊரில் அவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. சித்திக்கு ஒன்றுகூடக் கிடையாது. நான் சும்மா இருப்பேனா? "இங்கே கண்ணீர் விடும் நேரம்: காலை 8 முதல் மாலை 4 வரை" என்று எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினேன். சித்தியே சிரித்தார். நான்காவது ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவரே அதைக் கிழித்துப் போட்டார்.

"மெத்தப் படித்தவர்கள் உங்களை எப்படி நடத்துகிறார்கள் தெரியுமா? ஐந்தாம் மாடித் தலைமை நர்ஸ் அந்தத் தாயைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். அவர்கள் ஒரு பக்கம். மக்கள் ஒரு பக்கம்." ஒரே கைதட்டல்.

ஐந்தாம் மாடித் தலைமை நர்ஸ், சித்தியோடு தினமும் மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர். சித்தியின் கால் வீங்கியபோது குனிந்து உட்கார்ந்து கட்டுப் போட்டவர். வார்டுக்கு ஆள் போதவில்லை என்று மேலே மனு கொடுத்தவரும் அவர்தான். இப்போது அவர்மேல் விசாரணை வந்தது. வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் லிஃப்டில் ஏறி, சித்தி முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். சித்தி விசிறியை அவர் பக்கம் திருப்பினார். மறுநாளிலிருந்து நர்ஸ் படியேறிப் போகத் தொடங்கினார்.

அந்த வாரமே கட்சியின் பகுதிச் செயலாளர் சித்தி வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, அடுத்த கூட்டத்துல மேடையில வந்து சும்மா நில்லுங்க. தலைவர் பேசிக்குவார். உங்க வேலையை நிரந்தரமாக்கிடலாம்."

"நர்ஸ் அடிச்சாங்கன்னு சொல்லணுமா?"

"சொல்லவே வேணாம்மா. இல்லைன்னு சொல்லாம இருந்தா போதும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தி, "காலையில லிஃப்டுக்கு வாங்க, பதில் சொல்றேன்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். செயலாளர் உள்ளே ஏறினார். எங்களோடு இன்னும் ஏழு பேர். கதவு மூடியது. சித்தி பொத்தான்களைப் பார்த்தபடியே பேசினார்: "தலைவர் சொல்ற லிஃப்ட்காரம்மா நான்தாங்க. என்னை யாரும் அடிக்கலை. நான் அழவும் இல்லை. கதவுல இருந்து கையை எடுங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான். ரெண்டாவது மாடி, எக்ஸ்ரேக்காரங்க இறங்குங்க."

செயலாளரும் இரண்டிலேயே இறங்கிவிட்டார். அவர் கையில் எக்ஸ்ரே எதுவும் இல்லை.

அன்று முழுக்க ஒவ்வொரு நடைக்கும் சித்தி அதையே சொன்னார். மறுநாளும், அதற்கு மறுநாளும். தலைவருக்கு ஒலிபெருக்கி இருந்தது. சித்திக்கு மூடிய கதவு இருந்தது, ஓட வழியில்லாத ஒன்பது பேர் இருந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஊர் திரும்பி வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? ஏழாவது ஊர்க் கூட்டத்தில் தலைவர் "என் கையைப் பற்றிக்கொண்டார்" என்றதும், பின்னாலிருந்து யாரோ "கையை எடுங்க சார், கதவு மூடாது" என்றாராம். கூட்டம் சிரித்துவிட்டதாம். அந்தக் கதையைத் தலைவர் அப்புறம் எங்கும் சொல்லவில்லை.

விசாரணை எட்டாம் மாடியில் நடந்தது. அதிகாரியை ஏற்றிக்கொண்டு போனதும் சித்திதான். அறைக்குள் போய், "தலைவர் மக்கள் மக்கள்னு சொல்றாரே, நர்ஸ் உடுப்பு போட்டா மக்கள் இல்லையா சார்? எங்களை ரெண்டாப் பிரிச்சு வச்சிட்டு, அப்புறம் யாருக்கு நல்லது செய்யப் போறார்?" என்று கேட்டார். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டார்.

நர்ஸ் வேலையில் இருக்கிறார், லிஃப்டிலும் ஏறுகிறார். சித்தியை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் எழுதிய மனு மாடி மாடியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு மாடி முடிந்தது. தலைவரோ இப்போது, ஒரு தையல்காரர் தன் தோளில் சாய்ந்து அழுததாகப் பேசிவருகிறார். சித்தி ஏறுகிறவர்களிடம் எல்லாம், "உங்க ஊர்த் தையல்காரரா அது? இருந்தா என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க" என்கிறார்.

இதையெல்லாம் எழுதி, ஆள் ஏறாத நடை ஒன்றில் சித்திக்குப் படித்துக் காட்டினேன். எட்டாம் மாடி வந்தும் அவர் கதவைத் திறக்கவில்லை.

"விசாரணையில நான் இப்படியா பேசினேன்?"

"கிட்டத்தட்ட, சித்தி."

"நீ உள்ள இருந்தியா?"

"வெளியில நின்னுக்கிட்டிருந்தேன்."

"'அடிக்கலை சார், அவங்க நல்லவங்க. கீழ ஆளுங்க காத்திருக்காங்க, போகட்டுமா?' இவ்வளவுதான்டா நான் சொன்னது. அவர் பேனாவையும் மூடலை, எழுதிக்கிட்டுத்தான் இருந்தார்."

"கேக்க நல்லா இருக்கட்டுமேன்னு போட்டேன் சித்தி."

"தலைவரும் அதுக்குத்தான் போட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கொடு என்பதுபோல் கையை நீட்டினார்.