கேன்டீன் அக்கா சொல்லாத சொல்

தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் எங்கள் சிரிப்புப் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்தோம். ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதை. நான் உதவி இயக்குநர். அங்கே கேன்டீனில் வேலை பார்த்த அக்காவையே கேன்டீன்காரியாக நடிக்கவைத்தோம். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

பேய் அடித்துச் சாகும்போதெல்லாம் அவர் “போறேன்” என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் “போயிட்டு வாரேன்” என்றார்.

“போறேன்னு மட்டும் சொல்லுங்கக்கா!” என்று எரிந்து விழுந்தேன்.

கையைத் துடைத்தார். “அப்பிடிச் சொன்னவுக திரும்பி வரமாட்டாக சார். இவதேன் மறுக்கா காலையில வந்து டீ போடுறாளே?”

கதை எங்களைவிட அவருக்குத்தான் புரிந்திருந்தது.

கடைசி நாள் வேனில் ஏறும்போது, “போயிட்டு வாரேங்க்கா” என்றேன்.

“வாங்க சார்” என்று சிரித்தார்.

சென்னையில் டப்பிங்கின்போது, இயக்குநரிடம் அவருக்காக ஒரு வார்த்தை பேசாமல், வேறொரு பெண்ணின் குரலில் “போறேன்” என்று மாற்றினேன். படம் தேனியிலும் ஓடியது. அவர் வாய் ஒருநாளும் சொல்லாததை ஊரே கேட்டிருக்கும்.

வாரேன் என்று சொல்லிவிட்டு வந்த நான், இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.