ஸ்டோர் பூதமும் முடிச்சுப் போட்ட பெல்ட்டும்

ஸ்டோர் கீப்பர் தங்கராசு அண்ணனுக்குப் 'பூதம்' என்று பெயர் வைத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துபாயில், ஜெபல் அலியில் பைப் லைன் வேலை. நான் ரிக்கிங் ஃபோர்மேன். கிரேனில் சுமை கட்டித் தூக்குவது என் ஆட்களின் வேலை. அண்ணன் அரியலூர்க்காரர். ஒரு பழைய கன்டெய்னர்தான் ஸ்டோர். அந்த வெக்கையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார், தனக்குத்தானே பேசிக்கொள்வார். சுமை தூக்கும் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி, மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பார். எதைக் கேட்டாலும் லேசில் தரமாட்டார். "புதையல் காக்குற பூதம்யா அது" என்று மெஸ்ஸில் ஒருநாள் சொன்னேன். மறுநாளே பங்களாதேஷ் ஆட்கள்கூட "பூதம் பாய்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டார்.

கெட்டுப்போன பெல்ட்டை அவர் கத்தியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிடுவார். யாரும் மறுபடி எடுத்துவிடக் கூடாதல்லவா? எனக்கோ எப்போதும் பெல்ட் பற்றாக்குறை. இன்ஜினியரிடம் போய், "சார், அந்தாளு மெண்டலு. நல்ல பெல்ட்டையெல்லாம் அறுத்துப் போடுறாரு" என்றேன். இனி கத்தியைத் தொடக்கூடாது என்று ஆர்டர் வந்தது. அதன்பிறகு கெட்ட பெல்ட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டு மூலையில் தொங்கவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு காலை. பதினோரு மணிக்குள் கிரேனை வேறு சைட்டுக்கு அனுப்ப வேண்டும், பெல்ட் ஒன்று குறைகிறது. மூலையில் தொங்கியதில் ஒன்றை உருவினேன்.

"தம்பி, அது வேணாம். ஆசிட் பட்டிருக்கு. மோந்து பாரு."

"நீங்களே மோந்துக்கிட்டு இருங்கண்ணே. டைம் இல்ல, யல்லா, சீக்கிரம்!"

கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, முடிச்சை நானே அவிழ்த்தேன்.

பைப் ஆளுயரம் ஏறியதும் பெல்ட் அறுந்தது. அடியில் கயிறு பிடித்து நின்றவன் முருகேசன், புதுக்கோட்டைக்காரன், கல்யாணமாகி நாலு மாதம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

விசாரணையில் சேஃப்டி மேனேஜர், "இந்த பெல்ட்ட குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"ஸ்டோர்லேர்ந்துதான் சார் வந்துச்சு. அவரு கொஞ்சம் ஒரு மாதிரி, எல்லாருக்கும் தெரியும்" என்றேன். என் ஆட்கள் தலையாட்டினார்கள்.

"நான் முடிச்சுப் போட்டு வெச்சிருந்தேன் சார்" என்றார் அண்ணன்.

"பெல்ட்டுக்கு எதுக்குய்யா முடிச்சு?" என்றார் மேனேஜர். யாரோ சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு விசா கேன்சல்.

கேம்ப்பை விட்டுப் போகுமுன் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"முருகேசன் சவப்பெட்டியோட ஊருக்கு யாரு போறா?"

"யாரும் இல்லண்ணே."

"என் ஃப்ளைட்லயே ஏத்தச் சொல்லு. நான் கொண்டுபோய் வீட்ல சேத்துடறேன்."

சேர்த்தார். பத்து நாள் கழித்து முருகேசனின் அப்பா எனக்கு போன் செய்தார். "எம்புள்ளய நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு தங்கராசு சொன்னாருங்க" என்று அழுதார்.

ஒரு ஆளுக்குப் பூதம் என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அவர் சொல்வது யார் காதிலும் ஏறாது. விசாரணை அறையில் நின்றபோதே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் பேசினேன்.