கரி பஸ்ஸில் ஏறிய பட்டம்

பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியோடே சென்னையிலிருந்து செஞ்சிக்குக் கிளம்பிய முட்டாள் நான்தான். விழாவுக்கு வரமுடியாத நைனா அதை ஒருமுறை பார்க்க வேண்டும். மறுநாளே திருப்பித் தரவேண்டிய அங்கி. வழியில் யாராவது வாழ்த்துவார்கள் என்ற நப்பாசையும் உண்டு. திண்டிவனம் வரை ஒருவரும் வாழ்த்தவில்லை.

யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், செஞ்சிக்கு முன்னால் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. நானும் இறங்கினேன். பஸ்ஸின் பின்புறத்துக் கரியடுப்புக்குக் கைப்பிடி சுற்றிக் காற்றடிப்பவர், பத்துச் சுற்றுக்கொரு தரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டு முகத்தைவிடக் கறுப்பு. துடைக்கத் துடைக்க முகம் இன்னும் கறுத்தது. காலையிலிருந்து மூன்றாவது நடையாம். கண்கள் பாதி மூடியே கிடந்தன.

"இன்னா தம்பி, வக்கீலா?"

"இல்லண்ணே, பி.ஏ. பட்டம் வாங்கிட்டேன். நைனாவுக்குக் காட்டத்தான் இதைப் போட்டுக்கினு போறேன்."

சுற்றுவதை நிறுத்தினார். அங்கியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவர், விரல்களில் இருந்த கரியைப் பார்த்து இழுத்துக்கொண்டார். நான் வாழ்த்துக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"சந்தோஷம். அழுக்காவாம கழட்டி வச்சிட்டு வந்து தள்ளு."