இட்லிக் கொப்பரையில் நாலு கம்பி

எங்கள் மதினி வேல்விழி ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்குக் கல்யாணமாகி வந்தபோது, சீர்வரிசையோடு நீளமான ஒரு கறுப்புப் பையும் வந்தது. பீரோ, கட்டில், பித்தளை அண்டா எல்லாவற்றையும் தடவிப் பார்த்த தெருப் பெண்கள் அந்தப் பையை மட்டும் தொடவில்லை. கடைசியில் என் அம்மாதான் கேட்டாள்.

"இது என்னம்மா?"

"பேஸ் கிட்டார் அத்தை."

"அப்படின்னா?"

"கச்சேரியில கும்கும்னு ஒரு சத்தம் கேக்கும்லா, அதுதான்."

அம்மா பையை மேலும் கீழும் பார்த்தாள். "அது தவில்லா?" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மதினி என்ன வாசிக்கிறாள் என்று தெரியாது. மதினிக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் எரிச்சல்படுகிறேன். அவள் புருஷன் மணிமுத்துவின் தங்கை நான், பெயர் இசக்கிச்செல்வி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வரத்தான் செய்யும்.

அந்தக் கிட்டார் மதினியின் அண்ணனுடையது. ஆலங்குளத்தில் ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்த மனுஷன், துபாய்க்கு வேலைக்குப் போகும்போது அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அவர் வாசிப்பதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஆணியிலிருந்து அதை இறக்கினாள். அவ்வளவுதான் கதை. குருவும் கிடையாது, குருதட்சிணையும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே கோயில் கொடைத் திருவிழாக்களில் வாசித்துப் பெயர் வாங்கியிருந்தாள். இங்கே வந்தபிறகும் வாசிப்பேன் என்றாள். என் அண்ணன் மரக்கடையில் வேலை பார்க்கிறவன், வாயே திறக்கமாட்டான். அம்மாதான் ஒரு நிபந்தனை போட்டாள்.

"போறதுன்னா போகட்டும். ஆனா செல்வியும் கூடப் போணும்."

அப்படித்தான் நான் மதினிக்குத் துணையாகக் கிளம்பினேன். துணை என்று பெயர், வேலையோ சுமைகூலி வேலை. மதினி முதலில் கிட்டாரை வீட்டு ரேடியோ செட்டில் மாட்டி வாசித்து அதன் ஸ்பீக்கரைக் கிழித்துவிட்டாள். உடனே என் அண்ணன் பலகை வாங்கி வந்து, பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வைத்து ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தான். என்ன கனம்! நான் ஒரு பக்கமும் மதினி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். அதற்கு நான் வைத்த பெயர் அம்மி. 'அம்மியை ஏத்தியாச்சா?' என்றுதான் குழுவில் எல்லோரும் கேட்பார்கள்.

மதினி மேடைக்குப் போகுமுன் வலது கை வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவாள், கம்பியில் பட்டுச் சத்தம் வரும் என்று. தோளில் வார் அழுத்திச் சேலை கசங்காமலிருக்க ஒரு துண்டை மடித்து வைத்துப் பின் குத்துவேன். இதெல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று எனக்கு உண்டு. திருவேங்கடம் பக்கம் ஒரு கொடையில், எர்த் சரியில்லாத லைனில் கிட்டாரை மாட்டிவிட்டார்கள். மதினி கம்பியைப் பிடித்தபடியே ஏதோ சொல்ல மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனாள். உதட்டில் சுள்ளென்று அடித்ததில் பின்னால் சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து டெஸ்டர் இல்லாமல் நான் எந்த மேடைக்கும் போனதில்லை. மைக்கையும் கிட்டார் கம்பியையும் நான் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் மதினி ஏறுவாள். ஏறினாலும் மைக் பக்கம் மட்டும் போகமாட்டாள். அதற்குப் பிறகு வெகுகாலம் மதினியின் குரலை எந்த மேடையும் கேட்கவில்லை.

கம்பி கதை தனி. பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பிதான், ஆனால் ஒவ்வொன்றும் கொடிக்கயிறு மாதிரி தடிமன். கை வேர்வையும் அழுக்கும் ஏறினால் சத்தம் மக்கிப்போகும், அதிலும் சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். புதுக்கம்பி வெளியூரிலிருந்து வரவேண்டும். அதனால் மதினி நாலையும் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவித்து, துடைத்து, மொட்டைமாடிக் கொடியில் காயப் போடுவாள். அழுக்கெல்லாம் கழன்று கம்பி மறுபடியும் கணீரென்று பேசும். முதல் தடவை எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரையிலேயே அவித்துவிட்டாள். எனக்குக் கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த என் சின்ன மாமியார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பாம்பு என்று அலறிய அலறல் கீழ்த்தெருவரைக்கும் கேட்டது. அப்புறம் அம்மா அந்தக் கொப்பரையைக் கம்பிக்கென்றே ஒதுக்கிவிட்டு, இட்லிக்கு வேறு வாங்கினாள்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் முத்துச்செல்வம். நல்லவர்தான், ஆனால் அறிமுகம் செய்யும்போது மட்டும் எனக்கு அவரைக் கடித்துத் தின்னலாம் போல இருக்கும். பாடகர் அப்துல் மஜீது, கீபோர்டு லிங்கேஸ்வரன், டிரம்ஸ் தளவாய் என்று ஒவ்வொரு பெயராக இழுத்து இழுத்துச் சொல்லி, கைதட்டல் வாங்கிக் கொடுத்து, கடைசியில் 'மற்றும் குழுவினர்' என்று முடிப்பார். அந்த 'மற்றும்' எங்கள் மதினி. கொடைக் கமிட்டிக்காரர்கள் பாடகருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், கீபோர்டுக்குப் போர்த்துவார்கள், ஆடுகிற பிள்ளைக்குக்கூடப் போர்த்துவார்கள். மதினி தோளில் நான் மடித்த துண்டு மட்டும்தான் இருக்கும்.

போன ஆனி மாதம் முத்துச்செல்வம் வீட்டுக்கே வந்தார். காப்பியைக் குடித்து முடித்தபிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. வேன்ல இடம் பத்தல. உங்க பெட்டி ஒண்ணே ரெண்டு ஆளு இடத்தை அடைக்குது. லிங்கேசு, கீபோர்டுல இடது கையாலயே பேஸ் போட்டுருதேங்கான். குத்தாலம் கச்சேரியில போட்டுப் பாப்போம். ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியலைன்னா, இனிமே அப்படியே போயிருவோம்."

"சரி தம்பி," என்றாள் மதினி.

அவர் செருப்பைப் போடுகிறவரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "என்ன மதினி, சரிங்குதிய? இத்தனை வருசம் வாசிச்சதுக்கு இதுதானா?"

"வேன் அவருது, குழு அவருது. நான் என்னத்தைச் சொல்ல?" என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். முதுகைத்தான் பார்த்தேன். அந்த முதுகே என் கோபத்துக்குப் போதுமானதாக இருந்தது.

கச்சேரி ஐந்தருவிக்குப் போகிற வழியில். பழக்கடைக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் சேர்ந்து, சீசன் நல்லபடியாக நடக்கிற சந்தோஷத்தில் தகரக்கொட்டகை போட்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். "சும்மா குளிச்சிட்டு, பாட்டும் கேட்டுட்டு வருவோம் மதினி" என்று நான் பசப்பினேன். என் வீட்டுக்காரர் நல்லகண்ணு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். மதினி மாடியில் இருந்த நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய கிட்டார் பையையும் அம்மியையும் வண்டியில் ஏற்றித் தார்ப்பாயால் மூடிவிட்டோம். எதற்கு ஏற்றினேன் என்று கேட்டால் எனக்கே அப்போது பதில் தெரியாது. அது இல்லாமல் கச்சேரிக்குப் போக என் கை ஒத்துக்கொள்ளவில்லை.

குளித்துத் தலையை உலர்த்திக்கொண்டு கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தோம். சாயங்கால வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. மஜீது அண்ணாச்சி பாட ஆரம்பித்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். குற்றமும் கிடைத்தது. கீபோர்டில் புல்லாங்குழல் மாதிரி இழைய வேண்டுமென்றால், இடது கையால் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது லிங்கேஸ்வரனின் இடது கை பேஸில் மாட்டிக்கொண்டது. குழல் பிட் விறைத்துப்போய் வந்தது. குழலைக் கவனித்தால் பேஸ் காணாமல் போனது. பிடித்துக்கொள்ள ஆளில்லாத தளவாய், தாளத்தில் ஓட ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் ஜனங்கள்? கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். என் பக்கத்தில் ரம்புட்டான் உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு வெளியூர் அம்மா, "நல்லாத்தான் பாடுறாங்க" என்றாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதினி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த கைப்பையின் மேல் அவள் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, எந்தப் பாட்டுக்கு எங்கே போக வேண்டுமோ அங்கே.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர் மேடையேறி மஜீது அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார். அண்ணாச்சி அடுத்த பாட்டைத் தொடங்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி நெற்றியைத் துடைத்தார்.

"பாட்டு நல்லாருந்துச்சா?" என்றார். கூட்டம் ஆமாம் என்று கத்தியது.

"உங்களுக்கு நல்லாருந்திருக்கும். எனக்கு இல்ல. இங்கன எல்லாரும் அருவியில குளிச்சிட்டுத்தான வந்திருக்கிய? அருவிக்கு அடியில நிக்கும்போது எதைப் பிடிச்சிக்கிட்டு நின்னிய?"

"கம்பியை!" என்று பல குரல்கள் வந்தன.

"அந்தக் கம்பி இல்லாம மூணு பாட்டு பாடிருக்கேன். எங்க கம்பி அந்தா உக்காந்திருக்கு, பச்சைச் சேலையில. தங்கச்சி, நீ மேல வந்தாத்தான் நான் பாடுவேன். இல்லைன்னா இந்தப் பொன்னாடையை மடிச்சிக் கொடுத்துட்டுப் பஸ் ஏறிருவேன்."

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. முத்துச்செல்வம் முகம் சுண்டிப்போனது. மேடையிலிருந்து இறங்கி நேரே எங்களிடம் வந்தார். "பெட்டி இல்லாம அக்கா என்ன செய்வாங்க?" என்று தடுமாறினார். "வண்டியில இருக்கு, வந்து பிடிங்க" என்றேன். அம்மியின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நல்லகண்ணுவும் தூக்கினார்கள். அதன் கனம் என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மேடையில் பையைத் திறந்தேன். சந்தோஷம் அப்படியே உறைந்துவிட்டது. கிட்டாரில் கம்பியே இல்லை. கம்பியை முறுக்குகிற நாலு ஆணியும் மொட்டையாக நின்றன. கச்சேரி இல்லைதானே என்று மதினி காலையில் கம்பிகளைக் கழற்றி அவித்திருக்கிறாள். இத்தனை வருஷமாக இந்தப் பையைத் தூக்குகிற நான், திறந்து பார்க்காமல் ஏற்றியிருக்கிறேன். எங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து நடக்காது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"மதினி... கம்பி..." என்றேன்.

மதினி கைப்பையைத் திறந்தாள். சோப்பு டப்பாவையும் சீப்பையும் ஒதுக்கிவிட்டு, ஒரு பனியன் துணிப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். உள்ளே நாலு கம்பியும் வளையமாகச் சுருண்டு பளபளவென்று கிடந்தன.

"நீ வண்டியில ஏத்துனதை மாடியில கம்பி எடுக்கும்போது பாத்தேன் ஏட்டி," என்றாள். "நீ சொல்லாம கொண்டாந்த. நானும் சொல்லாம கொண்டாந்தேன்."

சரி தம்பி என்று டம்ளர் கழுவப் போனவள் அவள்தான். அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு ஏச்சு ஏசவும் தோன்றியது.

அத்தனை பேர் பார்க்க மேடையில் உட்கார்ந்து மதினி கம்பி மாட்டினாள். லிங்கேஸ்வரன் தானாகவே வந்து சுருதி கொடுத்தான். "இடது கை செத்துப்போச்சுக்கா, வாங்க" என்று காதில் சொன்னான். ஒவ்வொரு கம்பியாக முறுக்க முறுக்க, அம்மியிலிருந்து ஒவ்வொரு சத்தமாக எழுந்து வந்தது. பாட்டே இல்லாமல் அந்தச் சத்தத்தை மட்டும் கூட்டம் கேட்டது அதுதான் முதல் தடவை. மஜீது அண்ணாச்சி தன் பொன்னாடையை எடுத்து மதினி தோளில் போட்டார். அதன் மேல் வாரை மாட்டிக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

முத்துச்செல்வம் மைக்கை எடுத்து, "இப்போது நமது குழுவின்..." என்று ஆரம்பித்தார். மதினி அவரிடம் கையை நீட்டினாள். "கொடுங்க தம்பி" என்றாள். அவர் கொடுத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் டெஸ்டரை மைக்கில் வைத்தேன், கம்பியில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரியவில்லை, ஷாக் இல்லை. தலையாட்டினேன். மதினி மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எம்பேரு வேல்விழி. ஊரு தென்காசி. நான் பேஸ் கிட்டார் வாசிக்கேன்."

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தளவாயைப் பார்த்தாள். அவன் குச்சியைத் தட்டினான். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அப்படி ஒரு பாட்டை அவர் பாடி நான் கேட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து அம்மா ரம்புட்டானைக் கீழே வைத்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்கே உள்ளே என்னமோ தட்டுற மாதிரி இருக்கே, உனக்கும் இருக்கா?"

"அது எங்க மதினி," என்றேன்.