ஒண்ணாந்தேதிப் பல்

அந்தப் பல் மருத்துவமனையில் பில் போடும் பெண்ணைத் தேதியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டாக்டரும் அப்படித்தான். பல் பிடுங்கினால் தேதி, அச்செடுத்தால் தேதி, பொருத்தினால் தேதி என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவாள். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. காப்பீட்டுக்காரன் கேட்பது அதைத்தானே! பிரிட்ஜ் என்றால் நடுவில் நிற்கும் பொய்ப்பல்லுக்கு ஒரு குறியீடு, அதைத் தாங்கும் இரண்டு பக்கத்து உறைகளுக்கு வேறு குறியீடு. எலும்பில் திருகு இறக்கிக் கட்டும் இம்ப்ளாண்ட் என்றால் அதற்குத் தனி வரிசை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில், வாயில் ஒட்டிய தேதி. ஒரு எண் பிசகினாலும் பில் திரும்பி வந்துவிடும். இத்தனை வருடத்தில் அவள் அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று போய்விட்டது. இம்ப்ளாண்ட்டுக்குக் காப்பீடு கைவிரித்துவிட்டதால் பிரிட்ஜ் என்று முடிவாயிற்று. பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவிச் சிறிதாக்கியாயிற்று. தற்காலிகமாக ஒட்டிய பிளாஸ்டிக் பல் அடிக்கடி கழன்று விழுந்ததில், கையில் எந்நேரமும் கைக்குட்டை வைத்திருந்தார். பிரிட்ஜ் பல் செய்யும் லேபிலிருந்து வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆசையாக ஓடிவந்தார். தேதியக்கா கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“அண்ணே, இந்த வருசத்துக் காப்பீட்டுப் பணம் தீந்துபோச்சு. ஒண்ணாந்தேதிதான் புதுசு ஆரம்பிக்குது. அன்னிக்கு ஒட்டினா பாதிக்கு மேல அவங்களே குடுத்துடுவாங்க. இன்னிக்குன்னா முழுசும் உங்க தலையிலதான்.”

“பொண்ணு கல்யாணம் அதுக்கு முன்னாடியே வருதேம்மா.”

“ரெண்டு வாரந்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.”

எந்த வாயிடம் சொல்கிறோம் என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே திரும்பிப் போனார்.

ஒண்ணாந்தேதி காலையில் வந்தது அவருடைய மனைவி. முந்தின நாள் பஸ்ஸை டிப்போவில் நிறுத்திவிட்டு இறங்கியவர், படியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம்.

“அந்தப் பல்லைக் குடும்மா. பொண்ணு கல்யாண போட்டோ ஒண்ணுலகூட அவரு வாயத் தெறக்கல. இப்பவாச்சும் போட்டு அனுப்புறேன்.”

செத்தவர் வாயில் பல் பொருத்தவெல்லாம் தன்னால் வர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியக்கா பிரிட்ஜை டப்பாவோடு எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள்.

பற்களுக்கு எண் போட்டே காலம் தள்ளியவள், பிறர் வாயில் கைவைத்ததே இல்லை. முன்னறையில் கிடத்தியிருந்தவரின் மேலுதட்டைத் தூக்கினாள். விறைத்து, சில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் பல்லைக் காணோம்; ராவிய முளைகள் இரண்டு, நடுவே ஓட்டை. முதல் தடவை நழுவிற்று. அடுத்த தடவை கச்சிதமாக உட்கார்ந்தது. கல்யாணத்தில் இந்த வாயை மூடவைத்தது நான்தான் என்று நினைத்தபடியே உதட்டை இறக்கிவிட்டாள்.

மனைவி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தேதியக்காவின் கையைப் பிடித்தார்.

“நீ எங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா. இன்னிக்குத்தான் ஒண்ணாந்தேதி ஆயிடுச்சே. காப்பீட்டுப் பணம் வந்துடுமில்ல?”

செத்தவர் பெயரில் பில் போனால் காப்பீட்டுக்காரன் ஒரு காசு தரமாட்டான். அது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“வந்துடும்க்கா,” என்றாள்.